கூகையும் குறுநரியும் நம் ஊர்க்காரர்களே
(காரைக்காலில் பொதுமக்கள் முன் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

 

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள், அதிகம் பேசப்படாத காட்டுயிர்கள். யானையைப் பற்றிப் பேச நூறு பேர் இருக்கிறார்கள். புலிக்காக வழக்காட ஆயிரம் பேர் இருக்கிறார்கள். சிங்கத்துக்கு அரசு முத்திரையிலேயே இடம் இருக்கிறது. மயிலுக்கு முருகப்பெருமான் இருக்கிறார். கூகைக்கு யார் இருக்கிறார்கள்? குறுநரிக்கு யார் இருக்கிறார்கள்? மரநாய்க்கும் இலைக்கோழிக்கும் பங்குனி ஆமைக்கும் பரிந்து பேச யார் இருக்கிறார்கள்? அவற்றுக்காகப் பேசத்தான் இன்று வந்திருக்கிறேன்.

“காரைக்காலில் ஏது காட்டுயிர்?” என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். நம் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். வடக்கே மயிலாடுதுறை, தெற்கே நாகப்பட்டினம், மேற்கே திருவாரூர், கிழக்கே வங்கக்கடல். இதற்குள் மலை இல்லை. காடென்று சொல்லத்தக்க காடும் இல்லை. ஆனால் அரசலாறு இருக்கிறது. திருமலைராயன் ஆறும் நாட்டாறும் நண்டலாறும் இருக்கின்றன. வயல் இருக்கிறது, வாய்க்கால் இருக்கிறது, கோயில் குளம் இருக்கிறது, பனைவரிசை இருக்கிறது, கழிமுகம் இருக்கிறது, கடல் இருக்கிறது. மருதமும் நெய்தலும் கைகோக்கும் மண் இது. இத்தனையும் இருக்கும் இடத்தில் உயிர்கள் மட்டும் இல்லாமல் போகுமா?

நம் பிள்ளைகளுக்கு ஒட்டகச்சிவிங்கி தெரிகிறது. பென்குயின் தெரிகிறது. ஆஸ்திரேலியக் கங்காரு வயிற்றுப் பையில் குட்டியைச் சுமப்பது தெரிகிறது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் பனைமரத்தில் இரவில் இறங்குவது எது என்று கேட்டுப் பாருங்கள், தெரியாது. பிள்ளைகள் மேல் குற்றமில்லை. சொல்லிக் கொடுக்காதவர்கள் நாம். ஆகவே இன்று உங்களை வயலுக்கும், பனையடிக்கும், குளத்தங்கரைக்கும், கடற்கரைக்கும் வரிசையாக அழைத்துச் செல்கிறேன்.

முதலில் வயலுக்குப் போவோம்.

சம்பா கதிர் பிடிக்கும் காலம். இரவு. வரப்பெலி வளையை விட்டு வெளியே வருகிறது. ஒரு தூரைக் கடித்துச் சாய்க்கிறது. தின்பது கொஞ்சம், வளைக்குள் இழுத்துச் சேர்ப்பது அதிகம். எலி வளையைத் தோண்டினால் நெல் கிடைக்கும் என்பது இந்த அவையில் உள்ள மூத்த உழவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த எலியைப் பிடிக்கத்தான் நம் முன்னோர் மூங்கிலை வளைத்துக் கிட்டி செய்தார்கள். ‘தஞ்சாவூர் கிட்டி’ என்று ஊர்ப்பெயரோடு புகழ்பெற்ற கருவி அது. ஆனால் கிட்டிக்கும் முன்பே, இந்த வயலில் இரவுக் காவலுக்கு ஒரு பறவை இருந்தது. அதன் பெயர் கூகை.

இதய வடிவில் வெளுத்த முகம், பொன்னிற முதுகு, வெண்மையான மார்பு. பாழ்மண்டபத்திலும் கோபுரப் பொந்திலும் மரப்பொந்திலும் பகலெல்லாம் தூங்கும். அந்த முகம் வட்டமாகத் தட்டையாக இருப்பது ஏன் தெரியுமா? ஒலியைச் சேர்த்துக் காதுக்கு அனுப்பத்தான். அதன் இரண்டு காதுத் துளைகளும் ஒரே உயரத்தில் இல்லை. ஒன்று சற்று மேலே, மற்றது சற்றுக் கீழே. ஓர் ஒலி ஒரு காதில் எப்படி விழுகிறது, மறு காதில் எப்படி விழுகிறது என்ற நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டே எலி எந்தத் திசையில், எவ்வளவு கீழே இருக்கிறது என்று கணக்கிட்டுவிடும்.

பின்னாளில் திமிங்கிலங்களின் பாட்டை உலகறியச் செய்த ரோஜர் பெய்ன் என்ற அமெரிக்க அறிஞர், இளமையில் ஆராய்ந்தது இந்தக் கூகையைத்தான். துளி வெளிச்சமும் புகாத அறையில் சருகைப் பரப்பி, எலியை ஓடவிட்டார். கும்மிருட்டில் கூகை குறி தவறாமல் பிடித்தது. அது உடல் வெப்பத்தை உணர்கிறதா, வாசனை பிடிக்கிறதா? அதையும் சோதித்தார். எலியளவு காகித உருண்டை ஒன்றைச் சருகுக்குள் இழுத்தார். கூகை அந்தக் காகிதத்தின் மேல் பாய்ந்தது! காகிதத்துக்கு வெப்பம் ஏது, வாசனை ஏது? காதால் வேட்டையாடுகிறது என்பது அப்படித்தான் உறுதியானது. சிறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் போன்ற மெல்லிய இழைகள் இருப்பதால் பறக்கும்போது ஓசையும் எழாது. எலிக்குக் கடைசி நொடி வரை சேதி தெரியாது.

ஒரு கூகை ஓரிரவில் இரண்டு மூன்று எலிகளைத் தின்னும். கூட்டில் குஞ்சுகள் இருந்தால் விடியவிடிய எலி சுமக்கும். மலேசியாவில் எண்ணெய்ப் பனைத் தோட்டங்களில் இதற்குப் பெட்டிக்கூடு வைத்து வளர்க்கிறார்கள். நாமோ இதற்கு என்ன பெயர் வைத்தோம்? சாக்குருவி! கூரையில் அமர்ந்து அலறினால் வீட்டில் சாவு விழும் என்றோம். கல்லை எடுத்தோம். எலிக்கு நஞ்சு வைத்தோம். நஞ்சுண்டு தள்ளாடும் எலியைக் கூகை தின்றது, கூகையும் செத்தது. எலி மறு பருவத்தில் மீண்டும் பெருகிவிடும். கூகை அத்தனை விரைவாகப் பெருகாது. நட்டம் யாருக்கு? எண்ணிப் பாருங்கள்.

பெரியோர்களே, கூகைக்கு யார் இருக்கிறார்கள் என்று தொடக்கத்தில் கேட்டேன். பதில் இந்த ஊரிலேயே இருக்கிறது. கூகைக்குக் காரைக்கால் அம்மையார் இருக்கிறார்!

ஆண்டுதோறும் மாங்கனித் திருவிழா எடுத்து நாம் கொண்டாடும் நம் அம்மையார், திருவாலங்காட்டு மூத்த திருப்பதிகத்தில் இறைவன் ஆடும் சுடுகாட்டைக் காட்டுகிறார். அங்கே யார் யார் இருக்கிறார்கள்? பேய்கள் இருக்கின்றன. கூகை இருக்கிறது, ஆந்தை இருக்கிறது, குறுநரி இருக்கிறது. அபசகுனம் என்று நாம் விரட்டும் அத்தனை உயிரும் இறைவனின் கூத்துக்குச் சுற்றமாக அங்கே நிற்கின்றன. இந்த ஊரில் பிறந்த பெண்மணி அவற்றைக் கண்டு அஞ்சவில்லை, அருவருக்கவில்லை. தம் பாட்டுக்குள் இடம் கொடுத்தார். அவர் பாட்டில் இடம் கொடுத்த உயிருக்கு அவருடைய ஊரில் நாம் இடம் கொடுக்க வேண்டாமா?

குறுநரியை எடுத்துக்கொள்வோம். நாம் நரி என்று பொதுவாகச் சொல்வது இதைத்தான். நமக்குத் தெற்கே கோடியக்கரைக் காட்டிலும், டெல்டாக் கடலோரத்துக் கருவைப் புதர்களிலும் இன்றும் வாழ்கிறது. கதைகளில் அது வஞ்சகம் செய்யும். காக்கையை ஏமாற்றி வடையைத் தின்னும். உண்மை நரி எப்படிப்பட்டது? ஆணும் பெண்ணும் இணைபிரியாமல் குடும்பம் நடத்தும். குட்டிகளுக்கு இருவருமே இரை கொண்டுவந்து ஊட்டுவார்கள். முந்தைய ஈற்றுக் குட்டிகளில் ஒன்றிரண்டு பெற்றோருடன் தங்கி, தம்பி தங்கைகளை வளர்க்கத் துணை நிற்பதும் உண்டு. உணவோ எலி, நண்டு, பூச்சி, செத்த விலங்கின் இறைச்சி. பருவத்தில் இலந்தைப் பழம், நாவற்பழம். பழத்தைத் தின்று விதையை வேறிடத்தில் போடுகிறது. அங்கே ஒரு செடி முளைக்கிறது. எலியைக் குறைக்கிறது, பிணத்தைத் துப்புரவு செய்கிறது, மரத்தையும் நடுகிறது. வஞ்சகன் செய்கிற வேலையா இது?

இந்த நரிக்கு வந்த கேடு என்ன தெரியுமா? நரிக்கொம்பு! நரியின் தலையில் கொம்பு முளைக்கும், அதை வைத்திருந்தால் செல்வம் கொழிக்கும், வழக்கு வெல்லும் என்று ஒரு கதை. இலங்கையில் இருந்த எமர்சன் டென்னன்ட் என்ற பிரித்தானிய அதிகாரி 1861இல் வெளியிட்ட நூலிலேயே இந்த நம்பிக்கையைக் குறித்துவைத்திருக்கிறார். அத்தனை பழைய கதை! நரிக்குக் கொம்பு கிடையாது. நாய்க் குடும்பத்தில் எந்த விலங்குக்கும் கொம்பு கிடையாது. தோலையும் மயிரையும் ஒட்டிச் செய்த போலியைத்தான் விற்கிறார்கள். அந்தப் போலிக்காக உண்மையான நரி சாகிறது. நரிக்கொம்பு வாங்கியவர் ஒருவராவது பணக்காரர் ஆனாரா? விற்றவன்தான் ஆனான்.

நரியும் வெளிமானும் கோடியக்கரையில் எப்படி வாழ்கின்றன என்பதை மயிலாடுதுறைக்குப் பக்கத்தில் மன்னம்பந்தல் ஏ.வி.சி. கல்லூரியின் ஆய்வாளர்கள் ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். அந்தக் கல்லூரியில் விலங்கியலோடு காட்டுயிரியலையும் சேர்த்துக் கற்பிக்கும் துறையே இருக்கிறது. இங்கிருந்து ஒரு மணி நேரப் பயணம்தான். மாணவச் செல்வங்களே, இந்தத் துறையில் படிக்க வெளிநாடு போக வேண்டும் என்று நினைத்துவிடாதீர்கள்.

வயலை விட்டுப் பனையடிக்கு வருவோம்.

நள்ளிரவில் வீட்டுப் பரணில் தடதடவென்று ஓடும் ஓசை கேட்கிறது. “பூனையா, எலியா?” என்று எழுந்து உட்காருகிறோம். பல வேளைகளில் அது மரநாய். பெயரில்தான் நாய், பூனைக்கும் கீரிக்கும் நெருங்கிய இனம். பனையும் தென்னையும் ஏறும். பழம்தான் அதற்கு விருப்ப உணவு. கலயத்தில் இறங்கும் கள்ளையும் விட்டுவைக்காது. இந்தோனேசியாவில் இதே விலங்கு தின்று கழித்த காப்பிக்கொட்டையைப் பொறுக்கிக் கழுவி, வறுத்து, உலகிலேயே விலையுயர்ந்த காப்பிகளில் ஒன்றாக விற்கிறார்கள். அதற்காகக் காட்டில் திரிந்ததைப் பிடித்துக் கூண்டில் அடைத்து வதைப்பதும் நடக்கிறது. நம் ஊர் மரநாய் கூண்டில்லாமல் சுதந்திரமாகத் திரிகிறது. அது அப்படியே திரியட்டும்.

அதன் உறவினர் ஒன்று தரையில் நடமாடுகிறது: புனுகுப்பூனை. வால் நெடுக வளையம் வளையமாகக் கோடு, உடலில் வரிசையாகப் புள்ளி. எலி, பூச்சி, நண்டு, பழம் எல்லாம் தின்னும். தன் எல்லையை அறிவிக்கச் செடியிலும் கல்லிலும் ஒரு பசையைத் தேய்த்துவிட்டுப் போகும். அந்தப் பசைதான் புனுகு. கோயிலில் இறைவன் திருமேனிக்குச் சாத்தும் அதே புனுகு! மயிலாடுதுறைக் கூறைநாட்டில் புனுகீஸ்வரர் கோயிலே இருக்கிறது. புனுகுப்பூனை சிவனை வழிபட்ட தலம் என்று தலபுராணம் சொல்கிறது. ஐரோப்பாவிலும் வாசனைத் தைலம் செய்வோர் நூற்றாண்டுக்கணக்கில் புனுகைத் தேடி அலைந்தார்கள். அதன் மணத்துக்குக் காரணமான சிவெட்டோன் என்ற வேதிப்பொருளின் அமைப்பை 1926இல் கண்டறிந்த லியோபோல்ட் ருசிச்கா, 1939இல் வேதியியல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். ஒரு சிறிய விலங்கு. அதன் மணம் கோயில் கருவறைக்கும் போயிருக்கிறது, நோபல் மேடைக்கும் போயிருக்கிறது. இன்று அந்த மணப்பொருளைத் தொழிற்சாலையிலேயே செய்ய முடிகிறது. ஆகவே புனுகுக்காக ஒரு பூனையையும் அடைத்துவைக்கத் தேவையில்லை.

இனி குளத்தங்கரை.

தாமரையும் அல்லியும் படர்ந்த குளத்தில் இலைமேல் ஒரு பறவை நடக்கிறது. நீந்தவில்லை, பறக்கவில்லை, நடக்கிறது! நீளவால் இலைக்கோழி. விரல்கள் அத்தனை நீளம். உடல் எடையை இலை முழுவதும் பரப்பிவிடுவதால் இலை அமிழ்வதில்லை. அதன் நடையைவிட அதன் குடும்பம் இன்னும் வியப்பு. பெண் பறவை முட்டையிடும். அத்தோடு அதன் வேலை முடிந்தது. அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண். பெண் அடுத்த ஆணைத் தேடிப் போய் அடுத்த ஈட்டு முட்டையை இடும். குளத்தில் நீர் ஏறினாலோ ஆபத்து வந்தாலோ ஆண் பறவை முட்டையை அலகுக்கும் மார்புக்கும் இடையில் அணைத்து வேறிடத்துக்கு நகர்த்திவிடும்.

“இது ஒரு பறவையின் விசித்திரம்” என்று நினைக்காதீர்கள். வயல் வரப்பில் மயில் உள்ளான் என்று இன்னொரு பறவை. சேற்று நிறத்தில் பதுங்கி நிற்கும். பறவைகளில் ஆண்தான் அழகு என்று படித்திருப்போம். இங்கே அழகி பெண். செம்பழுப்புக் கழுத்தும் கண்ணைச் சுற்றி வெண்பட்டையுமாக அவள் மிளிர்வாள். ஆண் மங்கலாக இருந்து முட்டைக்குக் காவல் இருப்பான். குரல் கொடுத்து இணையை அழைப்பதும் அவளே. இயற்கை ஒரே விதியைத்தான் எழுதியிருக்கிறது என்று யார் சொன்னது?

அதே வயலில் நிற்கிறது நத்தைகுத்தி நாரை. அதன் அலகைக் கவனியுங்கள். வாயை மூடினாலும் நடுவில் இடைவெளி தெரியும். ஊனமா? இல்லை. குஞ்சாக இருக்கும்போது அந்த இடைவெளி கிடையாது. வளர வளரத்தான் உண்டாகும். வழுக்கும் நத்தையைப் பற்றவும், கீழ் அலகின் கூர்முனையை உள்ளே செலுத்தி ஓட்டோடு ஒட்டிய தசையை அறுக்கவும் ஏற்ற அமைப்பு அது. பெரும்பாலும் ஓடு உடையாது; நத்தை மட்டும் வெளியே வரும். திருவாரூர் மாவட்டத்து உதயமார்த்தாண்டபுரத்தில் இவை பெருங்கூட்டமாகக் கூடு கட்டுகின்றன. அந்தச் சரணாலயமும் வடுவூரும் 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களாக ராம்சார் பட்டியலில் ஏறின. நம் வயலில் இரை எடுக்கும் பறவைக்கு உலக அரங்கில் மதிப்பு. நம் சாலையோரத்தில் என்ன மதிப்பு? டெல்டாவில் மடையானையும் கொக்கையும் நாரையையும் கண்ணி வைத்துப் பிடித்து, காலைக் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டு விற்பதைப் பார்க்கிறோம். பூச்சியையும் நத்தையையும் கூலி கேட்காமல் பொறுக்கும் பறவையை இருநூறு ரூபாய்க்கும் முந்நூறு ரூபாய்க்கும் வாங்கித் தின்கிற வீடு, மறுநாள் பூச்சிமருந்துக் கடையில் எவ்வளவு கொடுக்கிறது?

இப்போது கழிமுகத்துக்கும் கடற்கரைக்கும் வாருங்கள்.

அரசலாறு கடலில் கலக்கும் இடம். அலையாத்தி மரம் நிற்கும் சேறு. குளிர்காலத்தில் அங்கே சிட்டுக்குருவி அளவில் ஒரு பறவை சேற்றைக் குத்திக்கொண்டே ஓடும். கொசு உள்ளான். எடை ஏறத்தாழ 25 கிராம்தான். எங்கிருந்து வருகிறது? வடதுருவத்தை ஒட்டிய தூந்திரப் பனிவெளியிலிருந்து! இமயத்துக்கும் அப்பாலிருந்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் பறந்து வந்து, நம் சேற்றுப் புழுவையும் சிறு இறாலினங்களையும் தின்று கொழுத்து, வெயில் ஏறும் பருவத்தில் திரும்பிப் போகிறது. இப்படி வலசை வரும் பறவைகளுக்குக் கோடியக்கரை எத்தனை அருமையான இடம் என்பதை 1960களில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி உணர்த்தினார். 1967இல் அது சரணாலயம் ஆயிற்று. 2002இல் ராம்சார் ஈரநிலம் ஆயிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் அங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு அனுப்பினார்கள். அப்படி வளையம் பூண்ட பறவைகள் ரஷ்ய நிலத்தில் கிடைத்திருக்கின்றன. பாஸ்போர்ட் இல்லை, விசா இல்லை. வழியில் இளைப்பாறச் சேறு மட்டும் வேண்டும். அந்தச் சேற்றை “வீணாகக் கிடக்கும் இடம்” என்று நினைத்துக் குப்பை கொட்டினால், கொசு உள்ளான் எங்கே இறங்கும்?

தை, மாசி, பங்குனி. இரவில் கரையேறுகிறது பங்குனி ஆமை. கடலில் நீந்துவதுபோல் மணலில் எளிதாக நடக்க முடியாது. துடுப்புக் காலால் உந்தி உந்தி வருகிறது. பின்னங்காலால் குழி பறித்து நூறுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடி, உடலால் தட்டி, திரும்பிக் கடலுக்குப் போய்விடுகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு பொரிக்கும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை யார் முடிவு செய்கிறார்கள் தெரியுமா? மணல்! மணலின் சூடு கூடினால் பெண் பெருகும். குறைந்தால் ஆண் பெருகும். புவி சூடேறினால் ஆணே இல்லாத ஆமைக்குலம் வந்துவிடுமோ என்று அறிஞர்கள் கவலைப்படுவது இதனால்தான்.

வெளிவந்த குஞ்சு வெளிச்சமான தொடுவானத்தை நோக்கி ஓடும். பழங்காலத்தில் அந்த வெளிச்சம் கடல்மேல்தான் இருந்தது. இன்று கரைப்பக்கம் விளக்கு எரிகிறது. குஞ்சு கடலை விட்டுச் சாலையை நோக்கி ஓடுகிறது. நாய் வாயிலோ சக்கரத்திலோ முடிகிறது. ஆயிரம் குஞ்சில் ஒன்றுதான் வளர்ந்து பெரிதாகும் என்று கணக்கிடுகிறார்கள். அப்படித் தப்பிய பெண் ஆமை, புவியின் காந்தப்புலத்தை உணர்ந்து வழி கண்டு, தான் பிறந்த கரைப்பகுதிக்கே முட்டையிட வருகிறது. ஆமை மீனல்ல, மூச்சுக்கு மேலே வந்தாக வேண்டும். இழுவை வலையில் சிக்கி நெடுநேரம் நீருக்குள் இருந்தால் மூச்சுமுட்டிச் சாகும். 2025 ஜனவரியில் சென்னைக் கடற்கரையில் நூற்றுக்கணக்கில் செத்து ஒதுங்கியதை நாளிதழில் பார்த்தோம்.

கடலோடும் தோழர்களே, உங்களை நான் குறை சொல்ல வரவில்லை. காப்பாற்றுகிறவர்களும் நீங்கள்தான். கோடியக்கரைக்குத் தெற்கே பாக் விரிகுடாவில் ஆவுளியா இருக்கிறது. கடற்பசு என்பார்கள். மீன்போல் இருந்தாலும் பாலூட்டி. தரையில் அதற்கு நெருங்கிய உறவு யானை! நாளொன்றுக்கு 30, 40 கிலோ கடற்புல் மேயும். ஒரு குட்டி ஈன்றால் அடுத்த குட்டிக்கு மூன்று முதல் ஏழு ஆண்டு ஆகும். ஒன்று செத்தால் ஈடுகட்ட எத்தனை காலம்! 2022 செப்டம்பரில் தஞ்சை, புதுக்கோட்டைக் கடலில் 448 சதுர கிலோமீட்டரை இந்தியாவின் முதல் கடற்பசுப் பாதுகாப்பகமாகத் தமிழ்நாடு அரசு அறிவித்தது. அங்கே வலையில் சிக்கிய ஆவுளியாவை, வலை கிழிந்தாலும் பரவாயில்லை என்று அறுத்துவிட்டவர்கள் மீனவர்கள். வனத்துறை அவர்களை அழைத்துப் பாராட்டிப் பரிசளித்திருக்கிறது. அந்தப் பெருமை நம் மீனவ ஊர்களான காரைக்கால்மேட்டுக்கும் கிளிஞ்சல்மேட்டுக்கும் பட்டினச்சேரிக்கும் வர வேண்டாமா?

அன்பர்களே, நம் ஊருக்கென்று தனியான ஒரு சேதி சொல்ல வேண்டும். நம் எல்லை 1739இல் பிரெஞ்சுக்காரர் இங்கே கால் ஊன்றியதிலிருந்து உருவான எல்லை. 1954இல் அவர்கள் போனார்கள், எல்லை நின்றுவிட்டது. பேருந்தில் போகும்போது பலகையைப் பார்த்துத்தான் நமக்கே தெரிகிறது, இது புதுச்சேரி, இது தமிழ்நாடு என்று. நரிக்கு அந்தப் பலகை தெரியுமா? ஆமைக்குத் தெரியுமா?

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பகுதியில் கரையைக் கடந்தது. பக்கத்திலுள்ள கோடியக்கரைக் காடு சின்னாபின்னமாயிற்று. அடுத்த நாட்களில் அந்தக் காட்டு மான்களின் உடல்கள் எங்கே ஒதுங்கின? நம் காரைக்கால் கடற்கரையில்! தமிழ்நாட்டுக் காட்டின் துயரம் புதுச்சேரி மணலில் கிடந்தது. கோடியக்கரை வேறு, காரைக்கால் வேறு என்று அதன் பிறகும் எண்ண முடியுமா? ஓரிடத்தில் ஆமை முட்டையைப் பாதுகாத்து, அடுத்த ஊர்க் கரையில் விளக்கு எரியவிட்டால் பயன் என்ன? இங்கே கூகைக்குப் பெட்டி வைத்து, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் நஞ்சு வைத்தால் பயன் என்ன? போர்களால் பிரிந்து நின்ற இஸ்ரேலும் ஜோர்டானும் கூகை வளர்ப்பில் கைகோத்தன. எல்லையின் இருபுறமும் வயலில் பெட்டிக்கூடு வைத்தார்கள். ஒரே மொழி பேசி, ஒரே ஆற்று நீரில் வேளாண்மை செய்யும் நாம் கைகோக்க என்ன தடை? இரு அரசுகளின் வனத்துறையும் ஒரே மேசையில் அமர்ந்து திட்டமிட வேண்டும் என்று இந்த அவையிலிருந்து கேட்கிறேன்.

“மூடநம்பிக்கை அத்தனை எளிதில் போகுமா?” என்று நீங்கள் கேட்டால், போகும் என்பேன். தேவாங்கைப் பாருங்கள். உருண்டைக் கண், மெலிந்த கை கால். மாந்திரீகத்துக்கும் மருந்துக்கும் என்று அதைப் பிடித்து வதைத்தார்கள். அது பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைத் தின்று உழவனுக்கு உதவும் உயிர் என்று ஆய்வாளர்கள் எடுத்துச் சொன்னார்கள், தொண்டர்கள் ஊர் ஊராகப் போய்ச் சொன்னார்கள். 2022 அக்டோபரில் கரூர், திண்டுக்கல் மாவட்டங்களில் கடவூர்ப் பகுதியின் 11,806 ஹெக்டேர் காடு தேவாங்குக்கென்றே சரணாலயம் ஆயிற்று. இந்தியாவில் முதன்முதலாக! நேற்று அஞ்சிய உயிரை இன்று நாடே காக்கிறது. இடையில் நடந்தது ஒன்றே ஒன்று: மக்கள் அதை அறிந்துகொண்டார்கள்.

இதுவே நான் சொல்ல வந்தது. கூகையைக் கொன்றது அச்சம். நரியைக் கொன்றது பேராசை. இரண்டையும் பெற்றெடுத்தது அறியாமை. உண்மையை அறிந்த பிறகு கல்லெடுக்கக் கை வராது.

ஆகவே சில வேண்டுகோள்கள். உழவர் பெருமக்களே, வயலில் டி வடிவில் பறவைத் தாங்கி நடுங்கள். செலவு இரண்டு குச்சி. எலிக்கு நஞ்சைக் குறைத்துக் கிட்டியைக் கூட்டுங்கள். பழைய பனையை வெட்டும் முன் பொந்தைப் பாருங்கள். கடற்கரைவாசிகளே, ஆமை ஏறும் மாதங்களில் கரைநோக்கி எரியும் விளக்கை அணையுங்கள். முட்டைக்குழி கண்டால் வனத்துறைக்குச் சொல்லுங்கள். கடலில் அறுந்த வலையைக் கடலிலேயே விட்டுவிடாதீர்கள். தாய்மார்களே, மடையானும் கொக்கும் விற்பனைக்கு வந்தால் வாங்காதீர்கள். 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி பிடிப்பதும் குற்றம், விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ஆசிரியப் பெருமக்களே, ஒவ்வொரு பள்ளியிலும் அந்தந்த ஊர்க் குளத்துக்கும் வயலுக்கும் ஓர் உயிரினப் பதிவேடு தொடங்குங்கள். மாணவர்களே, அதை எழுதப் போகிறவர்கள் நீங்கள். எந்தப் பறவை எந்த மாதம் வந்தது, எப்போது போனது, எங்கே கூடு கட்டியது என்று எழுதுங்கள். பத்தாண்டு கழித்து இந்த மாவட்டத்தைப் பற்றி எந்த அறிஞர் ஆராய வந்தாலும், உங்கள் பதிவேட்டைத்தான் முதலில் கேட்பார்.

நாம் காவிரியின் கடைமடைக்காரர்கள். கடைசிப் பங்கு நீருக்காகக் காத்திருந்து, போராடிப் பெற்று, பயிர் செய்தவர்கள். பங்கு மறுக்கப்படுவதன் வலி நம்மைவிட யாருக்குத் தெரியும்? இந்த மண்ணிலும் நீரிலும் கூகைக்கு ஒரு பங்கு உண்டு, குறுநரிக்கு ஒரு பங்கு உண்டு, இலைக்கோழிக்கும் ஆமைக்கும் பங்கு உண்டு. அந்தப் பங்கை மறுக்க மாட்டோம் என்று முதலில் சொல்லும் ஊர் காரைக்காலாக இருக்கட்டும்!